சுவரில் ஒரு கைப்பிடி

பஸ்ஸில் வேறு யாராவது இறங்குகிற நிறுத்தத்தில்தான் அவர் இறங்குவார். உத்தமபாளையத்தில் எங்கள் தெருவுக்கு நேரே ஒரு நிறுத்தம் உண்டு. அங்கே இறங்க வேறு ஆள் இல்லை என்று தெரிந்தால், முந்தின நிறுத்தத்திலேயே யார் பின்னாலாவது இறங்கிவிடுவார். மிச்ச தூரத்தைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து வருவார். ஒருநாள் பைக்கை நிறுத்திக் கேட்டே விட்டேன்.

"டிக்கெட்டு நம்ம ஸ்டாப்புக்குத்தான அத்தா எடுக்குறீக? அப்புறம் எதுக்கு அங்கனயே எறங்கி நடக்குறீக?"

"ஓடுற வண்டிய ஒத்த ஆளுக்காக அமத்தணுமா தம்பி? உள்ள அம்புட்டுப் பேரு உக்காந்துருக்காக."

"சரி, பைக்குல ஏறுங்க."

"நீ லோடு வச்சிருக்க. போ, இந்தா வந்துட்டேன்."

லோடு என்று அவர் சொன்னது ஒரு பொட்டலம் வெல்டிங் ராடு. எனக்கு வந்த எரிச்சலில் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டேன். பட்டறையைத் திறந்து விளக்குமாறு போட்டு முடிக்கும்போது அவர் வாசலைக் கடந்து போனார். நான் கோபித்துக்கொண்டு போனதற்கு அவர்தான் சமாதானம் சொல்வதுபோல் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

என்னுடையது லேத் பட்டறை. அதை ஒட்டின வீடு அவருடையது. பஜாரில் சாக்குக் கடை வைத்திருந்தார். ஏலக்காய்க்கும் தேங்காய்க்கும் சாக்கு, சணல், தார்ப்பாய். ராவுத்தர் வீடுகளில் அப்பாவை அத்தா என்பார்கள். அவர் மகள் ஜன்னத் சின்ன வயதில் தெருவே கேட்கும்படி "அத்தா, அத்தா" என்று கத்திக்கொண்டே திரிந்ததில், தெரு முழுக்க அவரை அப்படியே கூப்பிடப் பழகிவிட்டது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பெற்ற தகப்பனிடம்கூட நான் அவ்வளவு சண்டை போட்டதில்லை.

சண்டை எல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான். அடுத்தவருக்கு வேலை வைக்கவே மாட்டார். முடிவெட்டப் போனால் தன் முடியைத் தானே கூட்டி அள்ளிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு நகர்வார். கல்யாண வீட்டில் சாப்பிட்டால் தன் இலையோடு பக்கத்து ஆள் இலையையும் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். அந்த ஆள் இன்னும் பாயாசம் ஊற்றிக் குடித்திருக்கமாட்டார், அவர் இலையும் போய்விடும். என் பட்டறைக்கு வந்தால் நின்றுகொண்டே பேசுவார். ஸ்டூல் எடுக்க நான் எழுந்திருக்க வேண்டுமே, அதற்காக. டீ வாங்கிக் கொடுத்தால் குடித்துவிட்டு, என் கையில் பாதி டீயோடு இருக்கும் தம்ளரையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதையும் சேர்த்துக் கழுவிவிட்டுத்தான் போவார்.

"எங்க மாமனாரு இப்புடி இருந்திருந்தா அவருக்கு நான் கோயிலே கட்டிருப்பேன்" என்று என் வீட்டுக்காரி சொல்வாள். எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. ஆனால் அந்தக் குணத்தைப் பார்த்து நான் பயந்த நாள் ஒன்று உண்டு.

அவர் மனைவி உடம்பு சரியில்லாமல் தேனியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்களில் யாருக்கும் தெரியாது. கடை பூட்டியிருந்தது, வீடு பூட்டியிருந்தது. ஊருக்குப் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தோம். ஒரு நாள் மதியம் ஆம்புலன்ஸ் வந்து தெருவில் நின்றது. முன் சீட்டிலிருந்து அவர் இறங்கினார். பின்னால் அந்த அம்மா மையத்தாக, உயிரில்லாத உடம்பாக வந்திருந்தார்கள்.

ஜன்னத்தை அப்போது குமுளியில் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளைக்கு ஏலக்காய்க் கடையில் வேலை. மலையிறங்கி அவள் வந்து சேர்ந்தபோது மையத்தை எடுக்கிற நேரமாகிவிட்டது. தாயின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஏன் அத்தா எனக்குச் சொல்லல? ஒரு போன் பண்ணிருக்கலாம்ல? அம்மா கண்ணு முழிச்சிருந்தாகளாம்ல, எல்லாரும் சொல்றாக. நான் வந்துருப்பேன்ல?"

"கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு மலையெறங்கி எப்படி வருவ தாயி" என்றார். "சரியாயிரும்னுதேன் நெனச்சோம். எல்லாருக்கும் அலைச்சல் எதுக்குன்னு உங்கம்மாவுந்தேன் சொன்னா."

ஜன்னத் அதன்பின் ரொம்ப நாள் அவரோடு பேசவில்லை. அவரும் நியாயம் கேட்கப் போகவில்லை. தனியாகச் சமைத்து, தனியாகத் துவைத்து, கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்தது ஒரு சுவர். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை. நான் சாப்பிட மெஷினை அணைத்த பிறகுதான் "தம்பி, வேலை முடிஞ்சுதா?" என்று ஒரு குரல் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஈரத் தரையில் கிடக்கிறார். உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. தூக்கும்போது நான் திட்டாத திட்டு இல்லை. "நீ எதோ அவசர வேலையில இருந்த மாதிரி தெரிஞ்சுச்சு" என்றார்.

ஆபரேஷன் செய்தும் நடை திரும்பவில்லை. ஜன்னத் தன் கோபத்தை எல்லாம் குமுளியிலேயே விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து தகப்பன் வீட்டில் தங்கிவிட்டாள். கணவர் வாரக் கடைசியில் வந்து போவார்.

பின்பக்க அறையில் சுவரோரம் கட்டில். அந்தச் சுவருக்கு வெளியே முற்றம், துவைகல், தண்ணீர்த் தொட்டி. கட்டிலில் தலையணைகளை அண்டக்கொடுத்து உட்கார்ந்துகொண்டே தொழுவார். சிறுநீர் அவர் கட்டுப்பாட்டில் இல்லை. வேட்டியும் விரிப்பும் அடிக்கடி நனைந்துவிடும். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. தொழுகைக்கு ஆகிற சுத்தத்தை அவர்கள் பாக் என்பார்கள். துணி வெளுத்தால் மட்டும் பாக் ஆகிவிடாது. புதுத் தண்ணீர் விட்டு அலசி முறுக்கிப் பிழிய வேண்டும், மறுபடி புதுத் தண்ணீர், மறுபடி பிழிவு, இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு விரிப்பையும் ஜன்னத் அப்படித்தான் துவைத்தாள். அவளுக்கு விரல் மூட்டுகளில் வாதம். பிழியப் பிழிய விரல்கள் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போயின.

ஒருநாள் ஜன்னத் பட்டறை வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, அத்தா தண்ணி குடிக்க மாட்டேங்கிறாக."

"கோவமா?"

"கோவப்பட்டாத்தேன் தேவலயே. குடிக்கிற மாதிரியே குடிக்கிறாக. நான் அங்கிட்டுத் திரும்புனதும் ஜன்னல் வழியா மருதாணிச் செடிக்கு ஊத்திருறாக. இந்த வெயில்ல ஊருல செடியெல்லாம் காஞ்சு கெடக்கு, எங்க மருதாணி மட்டும் தளதளன்னு நிக்குதேன்னு பாத்தேன். ஒண்ணுக்குல கிருமி ஏறிருச்சு, இப்படியே போனா கிட்னி போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாக." சொல்லிவிட்டுக் கைகளை நீட்டிக் காட்டினாள். "இந்தக் கையப் பாத்துட்டாகண்ணே. அதுலருந்துதேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. போய்க் கட்டில் பக்கத்தில் நின்று சத்தம் போட்டேன்.

"ஒத்தாசை பண்றதா நெனச்சு அவ வயித்துல புளியக் கரைக்கிறீகளே! உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவதான கெடந்து அழணும்?"

அவர் விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். தொழுகையை அவரால் விட முடியாது. மகளை வருத்தவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் விட முடிந்தது தண்ணீர் ஒன்றைத்தான், அதை விட்டுவிட்டார்.

வழி இல்லாமல் இல்லை. மாப்பிள்ளை ஒரு கரண்டு வாஷிங் மெஷின் வாங்கிக்கொண்டு வந்து இறக்கினார். "மூடி போட்ட டப்பாவுக்குள்ள எத்தன தண்ணி மாறுதுன்னு எனக்கெப்படித் தெரியும் மாப்ள?" என்றார் பெரியவர். அதன்மேல் மருந்து டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தார்கள். பெரியவர்களுக்கு விற்கிற டயப்பர் வாங்கி வந்தார்கள். "அத மாட்டிவிட ஒரு ஆளு, கழட்டிவிட ஒரு ஆளா?" என்றார். பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஸ்ரத்தே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, இவ்வளவு வருத்திக்கொள்ள வேண்டியதில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். "நீங்க சொன்னாச் சரித்தேன் ஹஸ்ரத்" என்று தலையாட்டினார். ஹஸ்ரத் அந்தப் பக்கம் போனதும் மருதாணிக்குத் தண்ணீர் போனது.

அன்று சாயங்காலம் போனில் தேடிப் பார்த்தேன். கரண்டு வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் கையால் சுற்றித் துவைத்த மெஷின் படங்கள் வந்தன. மரத்தொட்டி, அதற்குள் முக்காலியைக் கவிழ்த்துப் போட்டதுபோல் ஒரு பலகை. பலகையின் கால்கள் துணியைப் பிடித்து இப்படியும் அப்படியும் புரட்டும். வெளியே கைப்பிடி. தொட்டியின் விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உருளைகள். மூடி திறந்தே இருக்கலாம், தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். இதுதான் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

பெரிய பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்துத் தொட்டியாக்கினேன். மாம்பலகையில் நாலு முளை அடித்து உள்ளே தொங்கவிட்டேன். கைப்பிடியை ஒரே பக்கமாகத்தான் சுற்ற வரும், பலகையோ இருபக்கமும் ஆடவேண்டும். அதற்கு லாரி வைப்பரைப் பார்த்துக்கொண்டேன். மோட்டார் ஒரே பக்கம் சுற்றினாலும் வைப்பர் போய்ப் போய் வருகிறது அல்லவா, அதே தண்டு, அதே இணைப்பு. பழனிசெட்டிபட்டியில் பழைய இரும்புக் கடையில் கரும்பு ஜூஸ் மெஷினின் பெரிய சக்கரம் ஒன்று கிடைத்தது. அந்தக் கனமான சக்கரத்தை மாட்டியதும், தொடங்கும்போது மட்டும்தான் பலம் வேண்டியிருந்தது. பிறகு சக்கரமே கையை இழுத்துக்கொண்டு போயிற்று. நுரை பொங்கப் பொங்க ஒரு விரிப்பைத் துவைத்துக் காட்டினேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை.

ஜன்னத் சிரித்துவிட்டாள். இத்தனை நாளில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"பிழியறது எங்கண்ணே?"

அந்த இரண்டு உருளைகளை நான் தேவையில்லை என்று விட்டிருந்தேன். பிழிவது என்ன பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். "எங்க வீட்டுல இவுக கர்ச்சீப்புகூடப் பிழிஞ்சதில்ல" என்று என் வீட்டுக்காரி எங்கள் வீட்டு வேலியோரம் நின்று சொன்னாள். கோபப்படவும் முடியவில்லை. அவள் சொன்னது உண்மை.

தொட்டிக்கு அடியில் பெரிய வால்வு வைத்தேன், ஒரே பாய்ச்சலில் தண்ணீர் வெளியேறும்படி. லேத்தில் இரண்டு மர உருளைகள் கடைந்து, லாரி டியூபை உறைபோல் இழுத்து மாட்டி, மொபெட் சீட்டு ஸ்பிரிங்கை வைத்து ஒன்றின்மேல் ஒன்று அழுந்தும்படி செய்தேன். நடுவில் துணியைக் கொடுத்துச் சுற்றினால் இந்தப் பக்கம் ஈரமாய்ப் போவது அந்தப் பக்கம் தட்டையாய், ஓலைபோல் வந்தது. ஒரு சின்ன நெம்புகோலை இழுத்தால் பலகை ஆடும், தள்ளினால் உருளை சுற்றும். ஜன்னத் உள்ளங்கையாலேயே சுற்றினாள். விரலுக்கு வேலை இல்லை.

ஆனாலும் மருதாணி வாடவில்லை.

நான் போய்க் கேட்டேன். இந்தத் தடவை சத்தம் போடவில்லை.

"இன்னும் என்னத்தா குறை?"

"ஒரு குறையும் இல்ல தம்பி. மூணு தண்ணியும் விழுகுற சத்தம் இங்கன நல்லாக் கேக்குது." கொஞ்சம் தயங்கினார். "அவ மூச்சு வாங்குறதும் கேக்குது."

பிறகு சுவரைக் கைகாட்டினார். "அந்தக் கைப்பிடிய இங்கிட்டுக் கொண்டார முடியுமா?"

மறுநாளே சுவரைத் துளைத்தேன். குழாய் பதித்து, இருபக்கமும் பேரிங் வைத்து, ஒரு தண்டைச் செலுத்தினேன். கட்டில் பக்கம் பெரிய சக்கரமும் கைப்பிடியும். வேட்டி சிக்காமலிருக்கச் சக்கரத்துக்கு ஒரு வலை. முற்றத்துப் பக்கம் தண்டின் நுனியில் சைக்கிள் பல்சக்கரம். அங்கிருந்து செயின் மெஷினுக்குப் போனது. செயினுக்கு மேல் தகரமூடி. ஜன்னத்துக்கு வேலை, துணியைப் போடுவதும் எடுப்பதும் வால்வைத் திறப்பதும்தான்.

"அத்தா, அலசல்!" என்று அவள் வெளியிலிருந்து குரல் கொடுப்பாள். அவர் சுற்றுவார். தண்ணீர் வடிகாலில் விழுகிற சத்தம் கேட்டதும் ஒரு விரலை மடக்குவார். "அத்தா, பிழிவு!" மறுபடி சுற்றுவார். மூன்றாம் தண்ணீர் விழுந்து, மூன்றாம் பிழிவு முடிந்ததும், கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்த செம்பை எடுத்து அண்ணாந்து குடிப்பார். தொண்டை ஏறி இறங்குவதை ஜன்னத் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

"இப்பக் குடிக்கலாம்ல தம்பி, நம்ம தொவச்சதுதான" என்பார் என்னிடம்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. முகத்தில் ரத்தம் ஏறிற்று. கிருமி குறைந்தது என்று டாக்டர் சொன்னார். மருதாணிக்கு ஜன்னத்தே தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று. பெரியவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. என் வீட்டுக்காரியை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, என் பட்டறைச் சட்டையைக் கேட்டு வாங்கிவிட்டார். ஆயிலும் கிரீசுமாக இருந்த சட்டை. அது உருளைக்குள் போய் வந்ததில் ரப்பர் முழுக்கக் கறுப்பாகி, அடுத்த நாள் விரிப்பெல்லாம் கோடு கோடாக வந்தது. மண்ணெண்ணெய் போட்டு நான்தான் துடைத்தேன். "உனக்கு வேலை வச்சுட்டேனே" என்று அன்று முழுக்க வருத்தப்பட்டார்.

மழைக்காலம் வந்தது. அவருக்குக் கை தளர ஆரம்பித்தது. துணி உருளைக்குள் நுழையும்போது கைப்பிடி இறுகும். அந்த இடத்தில் நின்று நின்று போனார். எண்ணெய் போட வேண்டும் என்று சொல்லி நான் போய்ப் பல்சக்கரங்களை மாற்றினேன். கைப்பிடிப் பக்கம் சின்னது, உருளைப் பக்கம் பெரியது. வேகம் குறைந்தது, பாரமும் குறைந்தது. "எண்ணெ போட்டதும் என்னமாப் போகுது" என்று சந்தோஷப்பட்டார். கொஞ்ச நாளில் அதுவும் கனத்தது. அதைவிடப் பெரிய பல்சக்கரம் தேடிப் பிடித்து மாட்டினேன். அதற்குமேல் மாட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. ஒருநாள் இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்தியும் கைப்பிடி நகரவில்லை. அன்று அவர் செம்பைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை.

ஜன்னத் பட்டறைக்கு வந்தாள்.

"சின்ன மோட்டார் ஒண்ணு மாட்டிருவமா?" என்றேன்.

"மோட்டார் சத்தம் அவுகளுக்குத் தெரியாதாண்ணே? அப்புறம் சொம்பத் தொடவே மாட்டாக." முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். "செயினக் கழட்டிருங்க. எம்பக்கம் ஒரு கைப்பிடி வச்சுக் குடுங்க. நான் சுத்திக்கிறேன். அவுக பாட்டுக்கு அவுக சுத்தட்டும்."

"உன் கை என்னத்துக்கு ஆகும்மா?"

"கைய வச்சு என்ன செய்யப் போறேன், அத்தா இல்லாம?"

அத்தா தூங்கும்போது தகரமூடியைத் திறந்து செயினைக் கழற்றினேன். மெஷினோடு சேர்த்து அவள் பக்கம் ஒரு கைப்பிடி வைத்து, உள்ளங்கைக்கு உறுத்தாமலிருக்கத் துணி சுற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தா, அலசல்!"

சுற்றினார். சக்கரம் சுலபமாகச் சுற்றியது. தண்ணீர் விழுந்தது. ஒரு விரலை மடக்கினார்.

"அத்தா, பிழிவு!"

சுற்றினார். விரிப்பு உருளைக்குள் நுழைகிற இடத்தில் கைப்பிடி இறுக வேண்டும். இறுகவில்லை. அவர் கையை எடுத்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் உருளைகள் கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டே இருந்தன. அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

மெதுவாகக் கையைத் திரும்பக் கைப்பிடியில் வைத்தார்.

"தம்பி."

"சொல்லுங்கத்தா."

"பிள்ளைகிட்ட ஒண்ணும் சொல்லிக்கிறாத."

சுற்ற ஆரம்பித்தார். மூன்று தண்ணீரும் விழுந்து முடிகிறவரை சுற்றினார். பிறகு செம்பை எட்டி எடுத்துப் பார்த்தார், பாதிதான் இருந்தது. "தாயி, தண்ணி கொண்டா" என்று குரல் கொடுத்தார். அப்படி அவர் யாரையும் ஏவி நான் கேட்டதில்லை. ஜன்னத் ஈரக்கையோடு ஓடிவந்து ஊற்றினாள். ஊற்ற ஊற்ற வாங்கிக் குடித்தார். தாடியெல்லாம் நனைந்து நெஞ்சில் வழிந்தது. அவர் குடிக்கிற ஒவ்வொரு மிடறையும் அவள்தான் பிழியப் போகிறாள் என்று தெரிந்தே குடித்தார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. பட்டறைக்கு வந்து, சத்தம் வெளியே கேட்காமலிருக்க லேத்தை ஓடவிட்டு, அழுதேன்.

அதற்குப் பிறகு அவர் தண்ணீரை மறுத்ததே இல்லை. அந்த மழைக்காலம் முழுக்க இருந்தார். ஒரு காலை நேரத்தில், கட்டிலில் சாய்ந்தபடியே போய்விட்டார்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்த பின் ஜன்னத் என்னைக் கூப்பிட்டாள். குமுளிக்குக் கிளம்புகிறாள், மெஷினைக் கழற்றிவிட்டுச் சுவர் ஓட்டையை அடைக்க வேண்டும். நான் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தாவுக்குத் தெரியும்ணே" என்றாள்.

எனக்குக் கை நின்றுவிட்டது. "என்ன தெரியும்?"

"செயினு இல்லங்கிறது. நடுவுல கை கடுக்குதுன்னு நான் நிப்பாட்டுவேன். அவுக பக்கமும் சக்கரம் நிக்கும். நான் திரும்பத் தொடங்குனா அவுகளும் தொடங்குவாக. தெரியாதவுக அப்படியா எனக்காக நிப்பாக? கேட்டுரலாம்னு வாய் வரைக்கும் வரும். கேட்டா எங்க தண்ணி குடிக்கிறத விட்டுருவாகளோன்னு பயந்துக்கிட்டு முழுங்கிருவேன்."

நான் அடுத்த நட்டில் ஸ்பேனரை மாட்டினேன். அவர் சொல்லாதே என்று சொல்லியிருந்தார்.

"கடைசி அன்னைக்கு மூணாவது பிழிவு. நான் சுத்திக்கிட்டிருக்கேன், அவுக பக்கம் மொதல்ல நின்னுச்சு." விரல்களை மடியில் வைத்து நீவிக்கொண்டே சொன்னாள். "கை அசந்துருக்கும், இப்பத் தொடங்கிருவாகன்னு காதக் குடுத்துக்கிட்டே சுத்துறேன். எந்திரிச்சுப் போயிப் பாக்கத் தைரியம் வரலண்ணே. துணியெல்லாம் தீந்துபோச்சு. நான் நிப்பாட்டல. வெறும் ரோலரச் சுத்திக்கிட்டே இருந்தேன்."